வாட்ச்மேன் மாசிலாமணியின் நார்மல் ரத்தம்

1. உறையாத இரண்டு குழாய்கள்

"ரெண்டும் இருபத்தஞ்சு செகண்ட்," என்று சொல்லி ஸ்டாப்வாட்ச்சை மேஜைமேல் வைத்தார் டாக்டர் சாலமோன். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அவர் கடிகாரம் தப்பு செய்யாது. அவரும் தப்பு செய்யமாட்டார். அப்படியென்றால் அந்த அறையில் மிச்சமிருந்தது நான்தான்.

ஒரு குழாயில் இருந்தது நோயாளியின் பிளாஸ்மா, அதாவது ரத்தத்திலிருந்து தெளிந்த நீர். அது தாமதமாக உறைந்தால் நியாயம். ரத்தம் சீக்கிரம் உறையக் கூடாது என்றுதான் அவருக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். இன்னொரு குழாயில் இருந்தது எங்கள் வாட்ச்மேன் மாசிலாமணியுடையது. அவருக்கு நோயும் இல்லை, மருந்தும் இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்த நார்மல் ரத்தம் அது. பன்னிரண்டு, பதின்மூன்று வினாடியில் தயிராகியிருக்க வேண்டியது, நோயாளியின் ரத்தத்தோடு போட்டி போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க முயல் மூளை கெட்டுப்போச்சு, லேப்பம்மா," என்றார் டாக்டர்.

என் மூளையைச் சொல்லாமல் முயலோடு நிறுத்தினாரே என்று நினைத்துக்கொண்டேன்.

இது நாற்பதுகளின் கடைசியில் நடந்தது. ஒடுகத்தூரிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஜவ்வாது மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருந்தது எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி. லேப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், லேப் என்றதும் இன்றைக்கு வேலை செய்யும் இடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். பழைய சாமான் அறையைக் காலி செய்து கொடுத்திருந்தார்கள். ஒரு மேஜை, ஒரு மைக்ராஸ்கோப், ரத்தத்தைத் தெளியவைக்கக் கையால் சுற்றும் ஒரு சென்ட்ரிஃப்யூஜ், அதைச் சுற்றுவதற்கு நான். எனக்குப் பெற்றோர் வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. வேலையில் சேர்ந்த அன்றே அது காணாமல் போய், நான் லேப்பம்மா ஆகிவிட்டேன்.

2. மாட்டைக் கொன்ற மருந்து

மருந்தின் பெயர் டைகுமரால். டாக்டரின் நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து ஒரு பாட்டில் அனுப்பியிருந்தார். அங்கே பூஞ்சை பிடித்த தீவனம் தின்ற மாடுகள் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து செத்தனவாம். எதனால் செத்தன என்று தேடிப் போனவர்கள் அந்தத் தீவனத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அளவாகக் கொடுத்தால் அதே பொருள் மனிதனின் ரத்தம் கட்டாமல் காக்கும் என்று கண்டார்கள்.

"அளவா" என்ற அந்த வார்த்தையில்தான் எங்கள் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

"கம்மியாப் போனா கால்ல இருக்கிற கட்டி புறப்பட்டு நுரையீரலுக்குப் போயிடும். அதிகமாப் போனா ரத்தம் நிக்காது. ரெண்டு பக்கமும் கிணறு. நடுவுல வரப்பு. நீங்கதான் லாந்தர் பிடிச்சுக்கிட்டு முன்னாடி போகணும்," என்று டாக்டர் என்னிடம் சொன்னார்.

லாந்தர் பிடிப்பதற்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு டெஸ்ட், புரோத்ரோம்பின் டைம். ரத்தத்தில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று நேராக அளக்க அப்போது எங்களுக்கு வழியில்லை. மருந்து ரத்தத்தை எவ்வளவு மந்தப்படுத்தியிருக்கிறது என்று பார்த்து, அதை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். உறையாமல் இருக்க ஆக்சலேட் உப்பு சேர்த்து எடுத்த ரத்தத்தைச் சுற்றினால் மேலே மஞ்சளாகப் பிளாஸ்மா தெளியும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி, முயல் மூளைக் கரைசலும் கால்சியமும் விட்டு, உறைவதற்கு எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ண வேண்டும். நார்மல் ஆளைப்போல இரண்டு மடங்கு வந்தால் மருந்து சரியாக வேலை செய்கிறது. அதைத் தாண்டிப் போகப் போக டாக்டரின் முகத்தில் சிரிப்பு குறையும்.

முயல் மூளை என்று சொன்னேன் அல்லவா? கம்பெனிப் பாட்டிலைத் திறந்து பழகியவர்களுக்கு அது அருவருப்பாக இருக்கலாம். எங்களுக்கு அது பண்டிகை. ஆஸ்பத்திரிப் பின்கட்டில் ஒரு முயல் கூண்டு இருந்தது. தலை லேபுக்கு வரும், மிச்சம் சமையல்கட்டுக்குப் போகும். நான் தலையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, மூளையை எடுத்து, மேல்தோலை உரித்து, அசிட்டோன் விட்டு அம்மிக்குழவி மாதிரி ஒரு சின்னக் குழவியால் அரைத்து, உலர்த்தி, பொடியாக்கி வைப்பேன். அதற்குள் ஆஸ்பத்திரி முழுக்க மிளகு வாசனை பரவிவிடும். அதுவரை என்னை ஏறெடுத்தும் பார்க்காத ஆட்கள்கூட, புது டெஸ்ட் வந்ததிலிருந்து, "லேப்பம்மா, மூள தீந்துபோச்சா?" என்று அக்கறையோடு விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

3. அளவுகோல்

ஒவ்வொரு முறையும் நோயாளியின் ரத்தத்தோடு ஒரு நல்ல ஆளின் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். முயல் மூளையின் பலம் நாளுக்கு நாள் மாறும். நல்ல ஆளின் ரத்தம் பக்கத்தில் இருந்தால்தான் தாமதத்துக்குக் காரணம் நோயாளியா, முயலா என்று தெரியும்.

நல்ல ஆள் வேண்டும் என்றதும் நர்ஸ்களுக்கெல்லாம் திடீரென்று தலைசுற்றல் வந்துவிட்டது. சமையல்காரர், கத்தி பிடிக்கிற கைக்கு ஊசி ஆகாது என்றார். முன்வந்தவர் வாட்ச்மேன் மாசிலாமணி ஒருவர்தான். யுத்தத்தில் மூட்டை தூக்கப் போய்விட்டுத் திரும்பியவர். முறுக்கிய மீசை, நாள் முழுக்க வாயில் வெற்றிலை. ரத்தம் கொடுத்தால் ஒரு டம்ளர் காபி உண்டு என்று நான் சொன்னதும் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"உங்க ரத்தம்தான் நமக்கு நார்மல்," என்று டாக்டர் அவரிடம் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் முதல் கேட்டில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அதே பேச்சு. "இந்த ஆஸ்பத்திரில எவன் ரத்தம் வந்தாலும் மொத என் ரத்தத்துகிட்ட வச்சிதான் பாக்குறாங்க. நான் நார்மல். டாக்டரே சொல்லிட்டாரு. நீ நார்மலா? போய்க் கேட்டுகினு வா." உள்ளே வந்த நோயாளிகளில் பாதிப் பேர், தங்களுக்கு நார்மல் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் மற்ற வியாதியைச் சொன்னார்கள்.

நோயாளி சின்னான் கவுண்டர். எங்கள் ஆஸ்பத்திரிக்கு நேர் மேலே, மலையில் இருக்கும் ஒரு ஊர்க்காரர். புளி உலுக்க மரமேறியவர் கிளையோடு கீழே வந்துவிட்டார். ஊர்க்காரர்கள் டோலி கட்டித் தூக்கிவந்தார்கள். உடைந்த கால் மாவுக்கட்டுக்குள் ஒழுங்காகச் சேர்ந்துகொண்டிருந்தது. உடையாத கால் ஒருநாள் காலையில் வீங்கிச் சூடாகிவிட்டது. படுத்தே கிடந்ததில் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். அமெரிக்கப் பாட்டிலைத் திறந்து, தினம் சாயங்காலம் இரண்டு மாத்திரை என்று எழுதினார்.

கவுண்டருக்கு மெலிந்த உடம்பு, குறுகுறுவென்ற கண்கள். வார்டில் அவரைச் சுற்றி எப்போதும் ஒரு சபை இருக்கும். யார் எது கொடுத்தாலும் பக்கத்துக் கட்டிலுக்கு நீட்டாமல் வாயில் போடமாட்டார். நான் காலையில் கவுண்டரின் கட்டிலருகே ஒரு ஸ்டூல் போட்டு, அதில் மாசிலாமணியை உட்கார வைத்து, இரண்டு பேருக்கும் ஒன்றாக ரத்தம் எடுப்பேன். அங்கேயும் இங்கேயும் நடக்கிற நேரம் மிச்சம். அந்த ஸ்டூல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பிறகு தெரிந்தது.

4. முயல்மேல் பழி

மருந்து தொடங்குமுன் இருவரின் ரத்தமும் ஒரே நேரத்தில் கச்சிதமாக உறைந்தது. பிறகு இரண்டும் கைகோத்துக்கொண்டு தாமதமாயின. பதினாறு என்றால் இருவருக்கும் பதினாறு. இருபது என்றால் இருவருக்கும் இருபது. இப்போது இருபத்தைந்து.

இப்படி வந்தால் லேபில் இருக்கிற எவரும் ரீஏஜெண்ட்டைத்தான், அதாவது அந்த மூளைப் பொடியைத்தான் சந்தேகப்படுவார்கள். நல்லவனுக்கும் நோயாளிக்கும் ஒரே மாதிரி தாமதம் என்றால் பொடி பலமிழந்துவிட்டது என்று பொருள். வெயில் காலம் வேறு. டாக்டர் சொன்னதில் பிசகில்லை. நானும் முயலைத்தான் திட்டினேன்.

மாசிலாமணியும் திட்டினார். கூண்டு அவர் காவலில்தான் இருந்தது. "அது பயந்தாங்கொள்ளி முயலும்மா. கத்தியப் பாத்ததும் மூள கலங்கிப்போயிருக்கும். தெகிரியமான முயலாப் பாத்து நான் புடிச்சுக் குடுக்கறேன்," என்றார். அவர் தாடையில் ஒரு பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது என்ன பஞ்சு?"

"அந்த அம்பட்டன் கத்தியத் தீட்டறதே இல்லம்மா. காத்தால கீறிட்டான், இன்னும் கசிஞ்சுகினே கீது. பேஜாராப்போச்சு. ஆள மாத்தணும்."

நான் சிரித்துவிட்டேன். அந்த நாவிதர் ஊரெல்லாம் மழித்து ஒருவர் முகத்திலும் கீறல் விழாத கைக்காரர். பழி முயல் தலையிலும் நாவிதர் தலையிலும் விழுந்துகொண்டிருந்தது. இரு தரப்பும் வாய் திறந்து மறுக்கவில்லை. முயலுக்கு வாயே மிஞ்சவில்லை.

தைரியமான முயல் வந்தது. சமையல்கட்டில் மிளகு அரைத்தார்கள். நான் புது அசிட்டோனில் புதுப் பொடி செய்தேன். மறுநாள் காலை பழையபடி இருவரிடமும் ரத்தம் எடுத்து, டாக்டர் கடிகாரத்தோடு நிற்க, டெஸ்ட் போட்டோம்.

இருவருக்கும் இருபத்தாறு.

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்தபோது ஒரு முடிவோடு வந்தார். "இந்த அசிட்டோனே சரியில்ல போல. போகட்டும். பொடி பலம் குறைஞ்சிருந்தாலும் ரெண்டு பேருக்கும் ஒரே பொடிதானே? கண்ட்ரோலும் பேஷண்ட்டும் சமம். அப்படின்னா மருந்து அவருக்கு வேலையே செய்யல. கால் வீக்கம் முழுசா வடியல. கட்டி நுரையீரலுக்குப் போனப்புறம் வருத்தப்பட்டு என்ன செய்ய? இன்னிக்குச் சாயங்காலத்திலேர்ந்து நாலு மாத்திரை."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் இரண்டு பொடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வேறு அசிட்டோன், வேறு முயல், ஆனால் பழைய பொடி விட்ட இடத்திலிருந்தே புதுப் பொடி தொடங்குமா? இரண்டு பொடியிலும் மாறாமல் இருந்தது அந்த இரண்டு ஆட்கள்தான்.

"சார், இன்னொரு கண்ட்ரோல் போட்டுப் பாத்துட்டு மாத்திரைய ஏத்தலாம் சார்."

"யாரு இருக்கா? உங்க கையிலேயே எடுத்துக்குங்க."

"குத்தின கையால சென்ட்ரிஃப்யூஜ எப்படி சார் சுத்தறது? அதச் சுத்தற ஆளு நான் ஒருத்திதான்." சொல்லிவிட்டு நான் அவருடைய மடித்த சட்டைக் கையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

டாக்டர் சாலமோன் எத்தனையோ பேர் வயிற்றைத் திறந்து மூடியவர். ரப்பர் குழாயை அவர் கையில் கட்டியதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "மெதுவா, லேப்பம்மா," என்றார். படித்த லேப் படிப்புக்கு எனக்கு அன்றுதான் முழுப் பலனும் கிடைத்தது. நான் வழக்கத்தைவிட மெதுவாகவே எடுத்தேன். வேண்டுமென்றேதான்.

அவர் ரத்தம் பதின்மூன்று வினாடியில் உறைந்தது, அதே புதுப் பொடியில். மறுபடி போட்டோம். அதே பதின்மூன்று. பழைய பொடியையும் எடுத்துப் போட்டேன். அதிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டு முயல்களும் நிரபராதிகள்.

"அப்ப மாசிலாமணிக்கு என்ன?" என்றார் டாக்டர். பஞ்சு ஒட்டிய தாடை என் நினைவுக்கு வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5. வெற்றிலைக்குள் மாத்திரை

எல்லாம் போட்டு முடிப்பதற்குள் பொழுது சாய்ந்திருந்தது. கேட்டில் வாட்ச்மேன் ஸ்டூல் காலியாக இருந்தது. "கவுண்டரப் பாக்கப் போய்க்கீறாரு," என்று காத்திருந்த வண்டிக்காரர் சொன்னார். சாயங்கால மாத்திரை வேளை அது. நாங்கள் ஆண்கள் வார்டுக்குப் போனபோது நர்ஸ் மாத்திரை கொடுத்துவிட்டு அடுத்த வார்டுக்கு நகர்ந்திருந்தார். நல்லவேளை, டாக்டரின் புது உத்தரவு இன்னும் அவர் கைக்குப் போகவில்லை. பழையபடி இரண்டுதான்.

நாங்கள் வாசலிலேயே நின்றுவிட்டோம். கவுண்டர் மூடிய கையைத் திறந்தார். உள்ளங்கையில் ஒரு மாத்திரை. மடியிலிருந்து ஒரு வெற்றிலை எடுத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, மாத்திரையையும் நடுவில் வைத்து, பொட்டலமாக மடித்து, பக்கத்தில் சம்மணம் போட்டிருந்த மாசிலாமணிக்கு இரண்டு கையாலும் நீட்டினார். மாசிலாமணியும் அதை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினார்.

"மாசிலாமணி!" என்று டாக்டர் போட்ட சத்தத்தில் கோடிக் கட்டிலில் தூங்கியவர்கூட எழுந்து உட்கார்ந்தார். பொட்டலம் கீழே விழுந்தது. மாசிலாமணி கும்பிட்டபடி எழுந்தார். வேலை போயிற்று என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"சார், நான் கேக்கல சார். அவரேதான் குடுத்தாரு. வேணான்னா கோச்சுக்கறாரு."

"எத்தனை நாளா?"

"மொத நாள்லேர்ந்து," என்று பதில் கவுண்டரிடமிருந்து வந்தது. அவருக்குக் கொஞ்சமும் பதற்றமில்லை. "இன்னா டாக்டரு, அவர எதுக்கு அதட்டறீங்க? நானும் ரத்தம் குடுத்தேன், அவரும் ரத்தம் குடுத்தாரு. எனக்கு மட்டும் சீமை மாத்தர, அவருக்கு ஒரு காபித் தண்ணியா? எங்க மலைல வேட்டைக்குப் போனா எவன் ஒடம்புல ரத்தம் வருதோ அவனுக்குத்தான் மொதப் பங்கு. நாய்க்கு ரத்தம் வந்தாலும் நாய்க்குப் பங்கு கீது. ரெண்டு மாத்தர, ரெண்டு பேரு. நான் தனியாத் துன்னா எனக்கு ஒட்டுமா?"

"பெரியவரே, அவருக்கு நோயே இல்லையே!"

"நோவு இல்லாதவன் ரத்தத்த அப்போ எதுக்கு எடுக்கறீங்க?"

கண்ட்ரோல் என்றால் என்ன என்று புத்தகத்தில் எழுதியிருப்பதை டாக்டர் மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்து, சரிவராமல் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

பிறகு மாசிலாமணியிடம், "வாயைக் கொப்பளிங்க," என்றார். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். முதல் வாய்த் தண்ணீர் சிவப்பாகப் போனது. அது வெற்றிலை. இரண்டாவதும் சிவப்பு. ஒரு கூஜாத் தண்ணீர் முழுக்கக் கொப்பளித்த பிறகு வாயில் பாக்குத் துணுக்குகூட இல்லை. துப்பிய தண்ணீர் அப்போதும் சிவப்பாகவே இருந்தது. ஈறெல்லாம் கசிந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாகக் கசிகிறதோ, அந்த வெற்றிலைக் காவியில் யாருக்குத் தெரியும்? மாசிலாமணி அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். "இது என்னுதா சார்?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டு நான் பயந்துபோனேன். அதுவரை இது எனக்கு ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

டாக்டர் கவுண்டரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மெதுவாக, என்னிடம் சொல்வதுபோல் தனக்கே சொல்லிக்கொண்டார். "ரெண்டு எழுதினேன். ஒண்ணுதான் உள்ள போயிருக்கு. ஒண்ணுக்கே இருபத்தாறு. நார்மலைப்போல ரெண்டு மடங்கு. வேணுங்கிற அளவு இதுதான். ரெண்டும் உள்ள போயிருந்தா இந்த ஒல்லி உடம்பு தாங்கியிருக்காது. அது தெரியாம இன்னிக்கு நாலு குடுக்கப் பாத்தேன்."

நாலில் இரண்டு கவுண்டருக்கு, இரண்டு மாசிலாமணிக்கு. ஒரே உத்தரவில் இரண்டு பேரை இழந்திருப்போம். அதுவும் உடனே தெரிந்திருக்காது. இரண்டு பேரின் வினாடியும் ஒன்றாக ஏறிக்கொண்டே போயிருக்கும். நாங்கள் மூன்றாவது முயலைத் தேடிப் போயிருப்போம். கவுண்டர் பங்கு பிரித்தது அவரைக் காப்பாற்றியது. அதே பங்கு எங்கள் கண்ணையும் கட்டியிருந்தது.

6. ஈஸ்ட் மாத்திரைச் சபை

ரத்தக் கசிவை நிறுத்த கே வைட்டமின் ஊசி மருந்து அந்த அமெரிக்கப் பார்சலிலேயே வந்திருந்தது, ஒரே ஒரு ஆம்பூல் குப்பி. கவுண்டருக்கு அது தேவையில்லை. அவர் ரத்தம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மாசிலாமணியை அடுத்த கட்டிலில் படுக்கவைத்து டாக்டர் மருந்தை ஏற்றினார்.

கவுண்டர் எட்டிப் பார்த்து, "பாதிய எனக்குக் குத்துங்க," என்றார்.

"இதுல பங்கு கிடையாது!" என்று டாக்டர் கத்தினார்.

மாசிலாமணி கையில் ஊசி குத்திய இடத்தில் நான் விரலை வைத்து அழுத்திக்கொண்டு, சீக்கிரம் நிற்கட்டும் என்று ஜெபித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நிற்கவில்லை. மறுநாள் கொஞ்சம் பரவாயில்லை. ஈறு நிற்க இன்னும் சில நாள் ஆயின. அவர் ரத்தம் மறுபடி பதின்மூன்று வினாடியில் உறைந்த காலையில் நான் குழாயை அப்படியே கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். சாய்த்தாலும் அசையாமல் நின்றது. "நார்மலா?" என்றார். "நார்மல்," என்றேன். மீசையை முறுக்கிக்கொண்டார். அவரைப் பார்க்க எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஆனால் கவுண்டருக்கு மருந்து தொடர வேண்டுமே? குட்டு உடைந்த மறுநாளிலிருந்து அவருக்குத் தினம் ஒரு மாத்திரை. அதை அவர் தனியாகத் தின்ன மறுத்தார். "ஒண்ணுன்னா ரெண்டாப் புட்டுக்கறோம்," என்றார். டாக்டர் கோபப்பட்டார், கெஞ்சினார், மிரட்டினார், பைபிளிலிருந்துகூட எதையோ சொன்னார். கவுண்டர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

வழி டாக்டருக்கே தோன்றியது. எங்கள் மருந்து அறையில் சத்துக்குக் கொடுக்கும் ஈஸ்ட் மாத்திரை ஒரு டப்பா நிறைய இருந்தது. தின்றால் நல்லதில்லையோ என்னவோ, கெட்டது இல்லை. மாசிலாமணிக்கு இனி அவருடைய பங்கை ஆஸ்பத்திரியே நேராகக் கொடுக்கும் என்று டாக்டர் வார்டு நடுவில் நின்று அறிவித்தார். கவுண்டர் அந்த மாத்திரையை வாங்கி முகர்ந்து பார்த்தார். தன்னுடையதைவிடப் பெரிதாக இருந்ததில் அவருக்குத் திருப்தி.

"சரி. உங்க பங்கு எங்க டாக்டரு?"

"எனக்கு எதுக்கு?"

"நீங்களும் ரத்தம் குடுத்தீங்களாமே. மாசிலாமணி சொன்னாரு. சொவத்தப் பாத்துகினு குடுத்தீங்களாம்."

வார்டு முழுக்கச் சிரித்தது. மாசிலாமணிக்கு அதைச் சொன்னது யார் என்று டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன்.

மாசிலாமணி தேறும்வரை கண்ட்ரோல் டாக்டர்தான். ஆகவே தினம் சாயங்காலம் கவுண்டர் ஒரு டைகுமராலும், மாசிலாமணி ஒரு ஈஸ்டும், டாக்டர் சாலமோன் ஒரு ஈஸ்டும் ஒரே நேரத்தில் வாயில் போட்டு ஒரே நேரத்தில் தண்ணீர் குடித்தார்கள். யாரும் கையில் ஒளிக்கவில்லை என்பதை நர்ஸ் சரிபார்ப்பார், டாக்டருக்கும் சேர்த்து. ஈஸ்டின் நாற்றம் அப்போதெல்லாம் குடலைப் புரட்டும். இடையில் ஒருநாள் குழாய் உடைந்து என் சுட்டுவிரலை ஆழமாக வெட்டிவிட்டது. ரத்தம் கொட்டியது. எனக்கும் ஒரு பங்கு வந்துவிடுமோ என்று பயந்து, விரலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டே நடமாடினேன்.

7. பங்கு பிரித்தல்

கால் வீக்கம் வடிந்தது. மாவுக்கட்டையும் பிரித்தார்கள். கவுண்டர் தடியூன்றிப் பழகி, ஊர்க்காரர்கள் துணையோடு மலையேறிப் போனார். மாத்திரைப் பாட்டிலில் மிச்சமிருந்ததை டாக்டர் பூட்டி வைத்தார். சாவி மாசிலாமணியிடம் இல்லை.

பல மாதம் கழித்து ஒருநாள் காலை, கவுண்டர் தன் இரண்டு காலால் நடந்து கேட்டுக்குள் வந்தார். தடிகூட இல்லை. தோளில் ஒரு மூட்டை. டாக்டர் அவரை நிறுத்தி இரண்டு காலையும் அமுக்கிப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவாக இருந்தன. டாக்டர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கவுண்டர் வராந்தாவில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தார். தேக்கிலையில் கட்டிய காட்டுப்பன்றிக் கறி, உப்புப் போட்டு உலர்த்தியது. முதல் பொட்டலம் மாசிலாமணிக்கு. இரண்டாவது டாக்டருக்கு. நான் கையை நீட்டினேன்.

"உனக்கு இல்ல தாயி. நீ ரத்தம் எடுத்தவ. குடுத்தவ இல்ல."

நான் சுட்டுவிரலைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். "உங்க டெஸ்ட்டுல குழாய் வெட்டினது," என்றேன். கவுண்டர் என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பவே இன்னாத்துக்குச் சொல்லல?" என்றார். ஈஸ்ட் மாத்திரைக்குப் பயந்து என்று சொல்ல முடியுமா? மூன்றாவது பொட்டலம் என் கைக்கு வந்தது.

மூட்டையில் இன்னும் ஒன்று இருந்தது. இலைக்கட்டு. நல்ல பசும்புல்லும், மலையில் விளையும் ஏதோ கீரையும், வாடாமல் ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "முசலு எங்க கீது?" என்று கேட்டுக்கொண்டு அவரே பின்கட்டுக்கு நடந்தார். கூண்டின் முன் குந்தி, கீரையைக் கம்பி வழியாக ஒவ்வொன்றாக நீட்டினார்.

அந்தப் பங்கு எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அத்தனை தலைகள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. நான் அவற்றை எடை போட்டிருக்கிறேன், திட்டியிருக்கிறேன், மிளகு போட்டுத் தின்றும் இருக்கிறேன். கவுண்டர் கீரை ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற சமையல்காரர் மூக்கை உறிஞ்சினார். அந்த வாரம் யாரும் முயல் கறி கேட்கவில்லை. அடுத்த வாரம் கேட்டார்கள்.

இப்போது உங்களுக்குக் கண்ட்ரோல் பிளாஸ்மா பாட்டிலில் வருகிறது, முயலை நீங்கள் படத்தில் பார்த்தால்தான் உண்டு. ஆனாலும் இரண்டு குழாயும் சேர்ந்து ஓடினால் மூன்றாவதாக ஒன்றைப் போட்டுப் பாருங்கள். நார்மல் என்று நாம் பெயர் வைத்த ஆளும் சாப்பிடுகிறான், சிநேகம் பிடிக்கிறான், யாரோ நீட்டுவதை மரியாதைக்கு வாங்கிக்கொள்கிறான். அவனிடமும் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அந்த நாளிலிருந்து நான் கேட்காமல் ஊசி எடுத்ததில்லை.

நோவு இல்லாதவன் ரத்தத்தை எதற்கு எடுக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அன்று டாக்டரிடம் பதில் இல்லை. வேறொருவன் பிழைக்கட்டும் என்றுதான் எடுக்கிறோம். அதற்கு ஒரு டம்ளர் காபி போதாது என்பது கவுண்டர் கட்சி. மாசிலாமணி அதைப் பிடித்துக்கொண்டு, கடைசிவரை காபியோடு ஒரு முட்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். டாக்டர் ஒருநாளும் இல்லையென்று சொல்லவில்லை.